திறந்து பாராமல் விற்ற மாயப்பொருள்கள்

அந்த ஆட்டத்தில் ஒரு மாயப்பொருள் அகப்பட்டால், அதன் ஆற்றல் இன்னதென்று கண்டெடுத்தவருக்குச் சொல்லக் கூடாது. தொப்பியானால் அணிந்து பார்க்க வேண்டும். கோலானால் வீசிப் பார்க்க வேண்டும். குப்பியானால் மூடியைத் திறந்து அருந்த வேண்டும். நன்மையோ தீமையோ, அதன் பின்னரே தெரியவரும். வெள்ளைக்காரர்கள் வகுத்த இவ்விதி எங்கள் கடற்கரையில் என்ன பாடுபட்டது என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தேன். எந்திரம் பழுதாகிப் பல வாரங்கள் கரையோடு கட்டிக் கிடந்த ஓர் அயல்நாட்டுக் கப்பலில் இளவயதுப் பொறியாளர் ஒருவர் இருந்தார். கடும் பல்வலியால் அவதியுற்ற அவரை ஊருக்குள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த நன்றிக்காக அவர் தம் ஓய்வுநேர விளையாட்டை எனக்குக் கற்றுத் தந்தார். கப்பல் புறப்படும் நாளில் அதன் சிறு நூலையும், இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்த ஆட்டத்துக்குப் பலகை இல்லை, காய்கள் இல்லை. ஒருவர் ஓர் இடத்தையும் அங்கே நேரிடும் ஆபத்தையும் வருணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, தாம் செய்யப்போவதைச் சொல்வார்கள். அது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், அகராதியின் துணையால் அந்நூலைப் படித்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

படித்ததைச் சொல்வதற்கு எனக்கு இருந்தவர்கள் இருவரே. ஒருவன் என் நண்பன். இளமையில் முத்துக் குளித்தவன். முத்துக்குளிப்பு நின்றுபோன பின் சங்கு குளித்தும், தோணிகளில் சரக்கு ஏற்றியும் பிழைத்தவன். தோணியின் அடியறைக்குள் தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கட்டிலில் கிடந்தான். மற்றவள் அவன் மனைவி. சந்தையில் மீன் விற்று அவனைக் காப்பாற்றி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலில் பூசை கண்டு திரும்பியதும் நான் அங்கே செல்வேன். பகற்பொழுதைக் கடத்தவே ஆட்டத்தைத் தொடங்கினோம்.

நூலில் சொல்லியிருந்த நிலவறைகள் எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்கள் கரையில் பள்ளம் தோண்டினால் மறுநாளே உப்புநீர் நிறைந்துவிடும். ஆகவே ஆளில்லாத ஒரு தீவின் அருகே மூழ்கிக் கிடக்கும் பெருங்கப்பலைக் கற்பனை செய்தேன். நண்பன் அதில் இறங்கும் குளியாளானான். அவன் மனைவியிடம் வாளா வில்லா என்று கேட்டதற்கு, இரண்டும் வேண்டாம், ஒரு தராசு போதும் என்றாள். அவ்வாறே அவள் கரையில் காத்திருக்கும் வியாபாரியானாள்.

முதல் நாளே அவனுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. அணிந்தவர் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடுவார். அவன் அதை அணிந்து பார்க்கவில்லை. கரையேறியவுடன், இதை வாங்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நான் திகைத்தேன். அவன் மனைவி தயங்காமல் விலை பேசி வாங்கினாள். வாங்கிய கையோடு அணிந்தாள்.

“இப்பம் நான் எங்க நிக்கேன்னு சொல்லுங்க பாப்போம்” என்றாள் கணவனிடம்.

“மீன் நாத்தம் வருதுல்லா. அதை வச்சே பிடிச்சிருவேன்.”

அன்று தொடங்கி ஆட்டம் இவ்வழியிலேயே நடந்தது. இருளில் ஒளிவிடும் கோல், தானே நிமிர்ந்து நிற்கும் கயிறு, ஊதினால் புயலை அடக்கும் சங்கு ஆகிய யாவற்றையும் அவன் ஆழத்திலிருந்து கொண்டுவந்து, ஒன்றையும் சோதிக்காமல் விற்றான். அவள் வாங்கி வாங்கிச் சோதித்துப் பேராற்றல் பெற்றவளானாள். சில வாரங்களில் அவள் கடலையே ஆட்டிப்படைத்தாள். அவனோ இடுப்பில் கட்டிய துணியோடு மூச்சடக்கி இறங்கிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லி அவள் ஏளனம் செய்யும்போதெல்லாம் அவன் மிகவும் மகிழ்ந்து சிரிப்பான்.

ஒருமுறையேனும் அணிந்து பார்க்கலாகாதா என்று கேட்டேன். முத்துக்குளிப்பில் தங்கள் பங்குச் சிப்பிகளை அன்று மாலையே கரையில் திறவாமல் விற்பதுதான் குளியாட்களின் வழக்கம் என்று விளக்கினான். அவனுடைய அண்ணன் ஒருமுறை விற்க மறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாராம். அழுகிய சிப்பிகளை, ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ள, ஒவ்வொன்றாகத் துழாவினாராம். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

“மூடி இருக்குற வரைக்கும் எல்லாச் சிப்பியிலயும் முத்து உண்டு அண்ணாச்சி” என்றான்.

இதை ஆட்டத்தோடு நிற்கும் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் அவன் மனைவி ஒரு நாள் வாசல் வரை வந்து என்னை நிறுத்தித் தன் குறையைச் சொன்னாள். பாளையங்கோட்டை மருத்துவமனையில் முதுகெலும்பை ஆராயும் மருத்துவர் இருக்கிறார். கால்கள் மீளுமா, மீளாவா என்பதை அவர் சோதித்துச் சொல்லிவிடுவார். இவனோ, காற்று அடங்கட்டும் என்கிறான். கோயில் திருவிழா முடியட்டும் என்கிறான். இப்படியே தவணை சொல்லி வருகிறான். புன்னைக்காயலில் அவளுடைய அண்ணன் தம் வீட்டிலேயே ஓர் அறையும், வலை பின்னும் கூடத்தில் அவளுக்கு வேலையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கால் மீளாதெனில் அங்கே போய்விடலாம். மீளுமெனில் அவனுக்கு வேலை கிடைக்கும் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது. எதையும் முடிவு செய்ய இயலாமல் அவள் தனியாக அவனைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“வரும்னா வரும், வராதுன்னா வராது. எனக்கு ஒண்ணு தெரியணும் அண்ணாச்சி. ஆட்டத்துலயாவது ஒண்ணைத் திறந்து பாக்க வையுங்க. அப்புறம் நான் பேசிக்கிடுதேன்” என்றாள். அவனை மருத்துவரிடம் கொண்டுபோகத் திங்கட்கிழமை தன் அண்ணனின் வேன் வரும் என்றும், அவன் என்ன விற்றாலும் இம்முறை தான் வாங்கப்போவதில்லை என்றும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூழ்கிய கப்பலின் பாய்மரம் சரிந்து அவனுடைய குளியாள் மீது விழுந்தது. பகடை அவனுக்கு உதவவில்லை. ஆட்டத்திலும் கால்கள் போயின. அவன் முகம் மாறவில்லை. சரி, மேலே சொல்லுங்கள் என்றான். கைகளால் ஊர்ந்து போன இடத்தில் ஒரு குப்பி கிடந்தது. விதியை மீறி அதில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அது மருந்து. திறந்து அருந்தினால் முடவரும் எழுந்து நடக்கலாம். வெறும் நீராகவும் இருந்துவிடலாம். பகடையை ஒருமுறை உருட்டினால் தெரிந்துவிடும்.

அவன் பகடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏளா, வாங்குதியா?”

“நான் வாங்கலை.”

விலையைக் குறைத்தான். அவள் வேண்டாம் என்றாள். இன்னும் குறைத்தான். அவள் அரிவாள்மணையில் மீனை வைத்தபடி தலையை மட்டும் அசைத்தாள்.

“சும்மா தாரேன். எடுத்துக்கோ.”

அவள் அடுத்த மீனை எடுத்தாள். அவன் குரலில் விளையாட்டு முற்றிலும் அற்றுப்போயிருந்தது.

“நீதான எல்லாத்தையும் திறந்து பாப்ப. இதையும் நீயே பாரு. என்னால முடியாது.”

அவள் எழுந்து கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பகடையை வாங்கிக்கொண்டாள். உருட்டிவிடுவாள் என்றே எண்ணினேன். இத்தனை வாரங்களில் அவள் ஒருமுறையும் தயங்கியதில்லை. போர்வைக்குள் கோல் போல மெலிந்து கிடந்த அவன் கால்களை அவள் வெகுநேரம் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பகடையை உருட்டாமல் என் முன்னால் வைத்தாள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. அது பாட்டுக்கு மூடியே கிடக்கட்டும்.”

திங்கட்கிழமை வேன் வந்தது. அண்ணனுக்குத் தேநீர் கொடுத்து, இப்போது தோதுப்படவில்லை என்று சொல்லி அவள் திருப்பி அனுப்பிவிட்டதாக அறிந்தேன். அவர் சினந்து இரண்டொரு சொல் சொல்லிப் போனாராம். அடுத்த ஞாயிறு நான் சென்றபோது நண்பன் ஊர் நிலவரம் கேட்டான், கப்பல்களைக் கேட்டான், ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் அந்நூலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவளோ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

புன்னைக்காயல் அறையில் அண்ணனின் மருமகன் குடியேறினார். நண்பன் அதன் பின்னும் சில ஆண்டுகள் அந்தக் கட்டிலிலேயே கிடந்தான். முதுகில் புண்கள் வந்தன, ஆறின, பின்னர் ஆறாமல் நிலைத்துவிட்டன. மருத்துவரிடம் சென்றிருந்தால் அவன் கால்கள் மீண்டிருக்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது. மீண்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எனினும் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடியும்முன் அவனைத் துடைத்து, ஒருபுறமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் கூடையோடு மீன் எடுக்கப் போவாள். வெயில் ஏறித் திரும்பும்போது, விட்டுச்சென்ற அந்தப் பக்கமாகவே அவன் படுத்திருப்பான்.