சூடேறாத இஞ்சினும் ஏறிய முள்ளும்

ஈப்போவுக்கு அருகே, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். உள்ளே காயும் ரப்பர் ஷீட்டுக்குச் சூடு போதுமா என்பதைக் கை வைத்தே சொல்லிவிடுவேன். படிப்பென்று பார்த்தால், என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு மறுநாள், மூத்த மகளுக்கு ஈப்போவில் நர்ஸ் படிப்புக்கு இண்டர்வியூ. பத்து மணிக்குள் போகாவிட்டால் அந்த வருஷம் இடமில்லை.

தோட்டத்து மண்சாலையைத் தாண்டுவதற்குள், இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவர் காரை ஓரங்கட்டினார்.

"இஞ்சின் கொதிக்குது. ஆறட்டும்லா."

"அப்பா, மணி ஒம்போதாச்சுப்பா!" என்றாள் மகள்.

"வெடிச்சா நீயா வாங்கித் தருவே?"

கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினார். திருப்பிய உடனே முள் உச்சியில் போய் நின்றது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்த அடுப்பில் தண்ணீர் அப்படி நொடியில் கொதிக்கும்? பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

"உனக்கு என்ன தெரியும்?"

"சூடு தெரியும்."

ரேடியேட்டர் குழாயைத் தடவிப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.

"கொதிக்கலங்க. முள்ளுதான் பொய் சொல்லுது."

"அப்ப வயரு எங்கயோ ஒட்டுது," என்று குனிந்தார்.

சூட்டை அளக்கிற சின்னக் குமிழ் ஒன்று இஞ்சினில் உண்டு. அதன் தலையிலிருந்து முள்ளுக்கு வயர் போகும். அந்தத் தலை இரும்போடு ஒட்டினால், சூடில்லாமலே முள் உச்சிக்கு ஏறிவிடும். அந்தத் தலைமேல் ஒரு செம்புக் கம்பி சாய்ந்து, பக்கத்து இரும்பையும் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியில் எலுமிச்சம்பழம், மிளகாய். முந்தின நாள் பூஜையில் நான் கட்டியது. நூல் அறுந்துபோகிறதே என்று கம்பியில் கோத்து, யார் கையும் படாமல் பானெட்டுக்குள் தொங்கவிட்டிருந்தேன்.

"எந்த மந்திரவாதி வேலை இது?"

"நான்தான். திருஷ்டி கழியட்டும்னு கட்டுனேன்."

"நல்லாக் கழிஞ்சுச்சுலா!"

மகள் சிரித்துவிட்டாள். கம்பியை எடுத்ததும் முள் தானாக இறங்கியது.

ஈப்போவில், பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவள் இறங்கி இண்டர்வியூவுக்கு உள்ளே ஓடினாள். நாங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் சாவியைத் திருப்பித் திருப்பி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நம்பலையா?"

"முள்ள நம்பிட்டேன். உன்னத்தான் யோசிக்கிறேன்."

"யோசிங்க. அவ வர நேரமாகும்," என்றேன்.

அடுத்த மாதம், சேரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது.