மூன்றாவது கட்டத்தில் போட்ட டிக்

"ஆன்லைன்ல படிச்சா உங்களுக்கு வசதியா இருக்கும்" என்று முதலில் சொன்னவள் எழுத்தர்தான். கல்லூரியின் சேர்க்கைக் கவுண்டரில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. தேவைக்கு மேல் யாரிடமும் ஒரு சொல் பேசமாட்டாள்.

கவுண்டருக்கு வெளியே நின்றவள், நீட்டிய விண்ணப்பத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "யாருக்கு வசதி?"

"உங்களுக்குத்தான். வீட்டுல இருந்தே..."

"எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களா மேடம்?"

எழுத்தர் இல்லையென்று தலையசைத்தாள்.

"விருந்தாளி வந்தா அண்ணி என்னை மொட்டைமாடிக்கு அனுப்பிடுவாங்க. அவங்க காபி குடிச்சு, கதை பேசிக் கிளம்புற வரைக்கும் தண்ணித்தொட்டி நிழல்ல நிப்பேன். அந்த வீட்டுல உட்கார்ந்து படிக்கச் சொல்றீங்க."

எழுத்தர் வண்ணக் கையேட்டை எடுத்து நீட்டினாள். அதில் இணையவழிப் பட்டப்படிப்புகள் பதினொன்று இருந்தன. வந்தவள் ஒரு பக்கம்கூட விடாமல் புரட்டிவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"நான் கேட்கிறது கண் பரிசோதனைப் படிப்பு. லேப் இல்லாம எப்படி? கண் படிப்பு வேணும்னு சொன்னா, கணக்குப் படிப்பு வேணுமான்னு கேட்கிறீங்க."

அன்றைய பேச்சு அவ்வளவுதான். அன்று இரண்டு பேருக்குமே கோபம் வந்தது. வந்தவளுக்கு யார்மீது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. எழுத்தருக்குத் தெரியவில்லை.

வந்தவளைக் கடைத்தெருவில் பவர் என்றால்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு கண்ணாடியைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைத்தால் போதும், என்ன பவர் என்று சொல்லிவிடுவாள். பவர் அளக்கும் கருவி அதற்குப் பிறகுதான் ஆமாம் போடும். பதினெட்டு வயதில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஆண்கள் விடுதியில் இடம் கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் அறைக் கதவைத் தட்டியவர்களை விட்டுவிட்டு, நடையை மாற்றிக்கொள் என்று இவளிடம் சொன்னார் விடுதிக் காப்பாளர். ஐந்தாவது மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு உடையை மாற்றினாள், பேரை மாற்றினாள், கண்ணாடிக் கடைக்கு வந்தாள்.

கடையில் கண் பரிசோதனைக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் தப்பாக எழுதும் லென்ஸ் அளவை இவள் சத்தம் போடாமல் திருத்தித் தேய்த்துக் கொடுப்பாள். அந்த நாற்காலியில் இவள் உட்கார வேண்டுமானால் பட்டம் வேண்டும். ஒன்பது வருடமாக அந்த அறைக்குள் இவள் போனது, தரை துடைக்க மட்டும்தான்.

கல்லூரியின் விண்ணப்பத்தில் ஆண், பெண், மற்றவர் என்று மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவதை அச்சடித்து மூன்று வருடமாகிறது. அதில் டிக் போட்டு வந்த ஒருவருக்கும் ரசீது எண் கொடுத்ததில்லை. துணை முதல்வர் எழுத்தருக்கு வேலையின் முதல் வாரமே வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவர்கள் வந்தால் மரியாதையாகப் பேச வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், ஆன்லைன் கையேட்டைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் மட்டும் எண் போடக்கூடாது. எண் இல்லாத விண்ணப்பம் வரவே இல்லாத விண்ணப்பம். வராததை யாரும் மறுத்ததாக ஆகாது.

பவருக்கு முன்னால், மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, பெண்கள் பள்ளிச் சான்றிதழோடு ஒரு பையன் வந்திருந்தான். எழுத்தர் நீட்டிய கையேட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பவர் திருப்பி வைத்த கையேட்டைப் பார்த்தபோதுதான் அந்த நன்றி எழுத்தருக்கு உறைத்தது.

கடைசித் தேதியன்று பவர் மறுபடியும் வந்தாள். கடைக்கு அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள். ரசீது கொடுத்தால்தான் நகருவேன் என்று நின்றாள். வரிசை நீண்டது. துணை முதல்வரே வெளியே வந்தார். தலையை அண்ணாந்து, மோவாயை முன்னே நீட்டி, மூக்குக்கண்ணாடி வழியாக விண்ணப்பத்தைப் படித்தார்.

"லென்ஸ் ரெண்டும் இடம் தப்பி உட்கார்ந்திருக்கு சார்" என்றாள் பவர். "அதான் கழுத்தைத் தூக்குறீங்க. சாயங்காலமானா தலைவலி வரும். கடைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. வரிசையை மதியம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் மரியாதையின் அடியில் கிடந்ததைச் சொன்னார்.

"இங்க பாரு. மத்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். உன்னை மாதிரி ஆளை வகுப்புல உட்கார வைக்க முடியாது. ஆன்லைன்னா யார் கண்ணுலயும் படமாட்ட. அதுக்குத்தான் அதை வச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

எழுத்தர் முத்திரையை எடுத்தாள். முதல் முத்திரை கோணலாக விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று குத்தி, எண் போட்டு, ரசீதைக் கிழித்து, "இந்தாங்கக்கா" என்று நீட்டினாள். ஏழு மாதத்தில் அந்தக் கவுண்டரில் அவள் யாரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பவர் ரசீதைப் பார்த்தாள். சந்தோஷப்படவில்லை. இனி கல்லூரி பதில் எழுதித்தான் ஆக வேண்டும், இடம் நிரம்பிவிட்டது என்று எழுதுவார்கள், இப்படி மூன்று கல்லூரி பார்த்தாயிற்று என்றாள். கல்வித்துறைக்கு மனு கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். பிறகு கவுண்டர் ஓட்டை வழியாக ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினாள்.

"அவர் இப்பச் சொன்னது நம்ம ரெண்டு பேர் காதுலதான் விழுந்துச்சு. நான் சொன்னா, கோபத்துல புளுகுறேன்னுடுவாங்க. நீங்க எழுதிக் குடுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேணாம், குறைக்க வேணாம். கீழே பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க, தங்கச்சி."