டிரெய்லருக்கு நாலு பட்டை

ஸ்பிரிங்கில் பட்டை கூடக் கூட வண்டி மெத்தென்று ஓடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஜமுக்காளத்தில் படுத்தால் முதுகு வலிக்கிறது, நாலு ஜமுக்காளம் போட்டால் வலிப்பதில்லை. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது?

இத்தனைக்கும் நான் வண்டி தெரியாதவன் அல்ல. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம் முழுக்கக் கரி வாயு பஸ் ஓட்டியவன். மேடு வந்தால் பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்லும் வித்தையில் என்னை மிஞ்ச பூந்தமல்லியில் ஆள் கிடையாது. யுத்தம் முடிந்த மறுவருடம், ராணுவம் கழித்த வண்டிகளை ஆவடியில் ஏலம் விட்டபோது, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு ஜீப்பையும் அதன் பின்னால் மாட்டும் டிரெய்லரையும் பிடித்து வந்தேன்.

என் மனைவியின் தம்பிக்கு ஆவடிக் கிடங்கில் ரேடியோ பழுது பார்க்கும் வேலை. சண்டை நின்றதும் ஆள் குறைத்தார்கள், அவனையும் குறைத்துவிட்டார்கள். அவன் உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டு ஒரு மைக் செட் வாங்கினான். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுவது அவன் திட்டம், சாமானை இழுத்துப் போவது என் திட்டம். அந்தச் செட்டின் உயிர் நாலு கண்ணாடி வால்வுகளில் இருந்தது. ஒன்று உடைந்தாலும் மாற்றுக்குப் பட்டணத்தில் எங்கேயும் கிடைக்காது. முதல் அழைப்பு குத்தம்பாக்கத்து அம்மன் திருவிழா. அங்கே பாடினால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கூப்பிடும். பாடாவிட்டால் மாடும் இல்லை, மைக்கும் இல்லை.

ஆகவே ஸ்பிரிங்கைப் பலப்படுத்த முடிவு செய்தேன். பூந்தமல்லியில் ஜட்கா வண்டிகளுக்கு ஸ்பிரிங் வில் அடிக்கிற பாய் ஒருவர் இருந்தார். டிரெய்லரின் அடியில் குனிந்து பார்த்தார்.

“எவ்ளோ பாரம் ஏத்துவே அண்ணாத்தே?”

“பேட்டரி ரெண்டு, பொட்டி ஒண்ணு, லவுட் ஸ்பீக்கர் கொம்பு ரெண்டு.”

“அவ்ளோதானா? கீற பட்டையே போதும். ஆசைக்கு ஒண்ணு போட்டுக்க.”

“நாலு போடு பாய்.”

“இன்னாத்துக்கு? யானை கட்டி இஸ்துகினு போப்போறியா? பாரம் இல்லாத வண்டிக்குப் பட்டை ஏத்தினா ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கும்.”

நான் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். குதிரை வண்டிக்காரர், பாவம், மோட்டாரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நாலுதான் என்று நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு நாலு போட்டார்.

வில் மாட்டிய வண்டியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம். சிந்தாவிட்டால் வில் சரி. நானும் வைத்து ஓட்டினேன். தண்ணீர் சிந்தவில்லை, சொம்போடு எழும்பிப் பக்கத்துச் சாக்கடைக்குள் போய்விட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மச்சான்தான் இறங்கி எடுத்துக்கொடுத்தான்.

“புது ஸ்பிரிங் மச்சான். புதுச் செருப்பு மாதிரி. நாலு நாள்ல இளகிடும்” என்றேன்.

“ஆமா மாமா” என்றான்.

திருவிழா மறுநாள். அது வெள்ளிக்கிழமை, பாயின் பட்டறை பூட்டியிருந்தது. பட்டையைக் கழற்றலாமா என்று காலையில் எனக்கே ஒரு சபலம் தட்டியது. பூட்டைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

மத்தியானம் கிளம்பினோம். திருமழிசை தாண்டும்வரை கப்பி ரோடு, பரவாயில்லை. பிறகு வறண்ட ஏரிக்குள் மாட்டு வண்டித் தடத்தில் இறங்கினோம். ஜீப் நன்றாகத்தான் போயிற்று. டிரெய்லர்தான் எங்களோடு வருவதாகத் தெரியவில்லை. பாதி நேரம் ஆகாயத்தில் வந்தது. ஒவ்வொரு முறை அது தரையைத் தொட்டபோதும் என் காதுக்குள் ஒரு வால்வு உடைந்தது. இருந்ததே நாலு, நான் அதற்குள் ஒரு முப்பது உடைத்திருந்தேன். மச்சானோ வெற்றிலை மடித்துக்கொண்டு கொக்கு பார்த்துக்கொண்டிருந்தான். அதிர்ச்சியில் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ‘என் அக்கா வீட்டுக்காரனே எனக்கு எமன்’ என்று மனசுக்குள் அழுகிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பாய் சொன்னது உறைத்தது. பாரம் வேண்டும்! திருவிழாவுக்கு ஜனம் நடந்து போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

“சும்மா ஏத்திகினு போறேன், வாங்க! நீ வா அண்ணாத்தே. நீ இல்லப்பா, நீ ஒல்லி. பின்னால வர்றாங்களே, அந்த அம்மா ஏறட்டும்.”

“இன்னா நைனா, மாட்டுச் சந்தையா இது? பல்லையும் புட்ச்சிப் பாக்கறியா?” என்றது அந்த அம்மா. ஆனால் ஏறிக்கொண்டது, வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மொத்தம் ஆறு பேர், சலித்துப் பொறுக்கிய ஆட்கள். டிரெய்லர் சாதுவாகிவிட்டது. சொம்பு வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

பாதி ஏரி தாண்டும்போது பின்னால் ‘டொப்’ என்று ஒரு சத்தம், கூடவே கண்ணாடி கிணுகிணுப்பு.

வண்டி நின்றதா என்றுகூடப் பார்க்காமல் குதித்தேன். ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். “மச்சான், உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே! ரெண்டு மாட்டையும் கொன்னுட்டேனே!”

“இன்னா இவரு, ஒரு தேங்கா உயுந்ததுக்கு இப்படி அயுவுறாரு?” என்று அந்த அம்மா கை நிறையக் கண்ணாடி வளையல் கிணுகிணுக்க இறங்கிப்போய், விழுந்த தேங்காயை எடுத்துக்கொண்டது.

“எய்ந்திருங்க மாமா. ஜனம் பாத்துகினு கீது” என்றான் மச்சான். அவன் முகம் ஏதோ மாதிரி இருந்தது. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

குத்தம்பாக்கம் சேர்ந்ததும் சாமானை இறக்கக்கூட நான் நிற்கவில்லை. கோயில் குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்து, பூந்தமல்லிக்கு நடந்தே திரும்ப எத்தனை நாழிகை ஆகும், மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கொம்பு இரண்டும் ஒருமுறை கரகரத்தன. பிறகு பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. எழுந்து ஓடினேன்.

மச்சானின் மனைவி பந்தலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வால்வுகள் என் வண்டியில் வரவே இல்லை. முந்தின நாள் சொம்பு பறந்ததுமே மச்சான் அவற்றைக் கழற்றிப் பழம்புடவையில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டான். அவள் விடியற்காலையில் கிளம்பி, மாட்டு வண்டியில், மடியில் வைத்தபடி கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அக்கா புருஷனிடம் ‘உங்கள் வண்டியை நம்பமாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.