முறிகண்டியில் இறக்கிய கண்ணாடி

பிள்ளை இப்போதுதான் நித்திரையானாள். அதுதான் இதை எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டானிலுள்ள வீட்டுக்கு வரும் வழியில், எல்லோரையும் போல நாங்களும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் காரை நிறுத்திக் கும்பிட்டோம். மகள் தன் பக்கக் கண்ணாடியை இறக்கிக் கச்சான் கடலை வாங்கினாள். பிறகு சுவிட்சை எவ்வளவு அழுத்தியும் கண்ணாடி மேலே வரவில்லை.

"வீட்ட போய்ப் பாப்பம். காத்து நல்லாத்தானே வருது," என்றார் இவர்.

மாங்குளம் தாண்டிக் காட்டு ரோட்டில் வரும்போது பொழுது பட்டுவிட்டது. ஒரு வளைவில் இவர் சட்டென்று பிரேக் போட்டார். மகளின் பக்கம், ரோட்டோரத்தில் ஒற்றை யானை.

"பின்னுக்கு எடுங்கோப்பா," என்றேன்.

"சத்தம் கேட்டா வெருண்டு வந்திடும். அசையாம இரும்."

பின் சீற்றில் இருந்த நான் மகளைக் காலடிக்குள் இறக்கிவிட்டு, திறந்திருந்த ஜன்னலுக்குக் குறுக்கே என் முதுகைக் கொடுத்தேன். கார் முழுக்க வறுத்த கச்சான் மணம். யானை தும்பிக்கையை எங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தது.

"அம்மா, அதுக்கும் கொஞ்சம் குடுப்பமே?"

மகளின் வாயைப் பொத்தினேன். அவள் கையில் இருந்த பொட்டலத்தை என் சட்டைக்குள் திணித்தேன். அது இன்னும் சுட்டது.

கடைசியில் யானை ரோட்டைக் கடந்து காட்டுக்குள் இறங்கியது.

"இப்ப காத்துப் போதுமோப்பா?" என்று கேட்டேன். இவர் மெல்லக் காரை எடுத்தார்.

முறிகண்டியில் நிற்காமல் போனால்தான் வழியில் ஆபத்து என்பார்கள். நின்று, கும்பிட்டு, கண்ணாடியையும் இறக்கிக் கச்சான் வாங்கியவர்களுக்கு என்ன பரிகாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. கண்ணாடி திருத்தத் தெரிந்தவர்கள் அதற்கு முதல் சொல்லுங்கோ.