கோட்டைத் தலைவர் என்ன சாப்பிட்டார்?

முதலில் மோந்து பார்க்கிறார். ஜாடியின் மூடியை விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்கிறார். காப்பிப்பொடி வாங்கப் போன இடத்தில் சிலர் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர்க் குழி ஒன்றிலிருந்து வந்த இந்த ஜாடியில் இருப்பது, நாலைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் விடிந்ததும் போய்க் கழித்துவிட்டு வந்தது.

"இவர் கீரை பார்ட்டி. கறி தின்னவரா இருந்தா மூக்குல சுள்ளுன்னு ஏறும். நீங்களும் பாருங்களேன்" என்று ஜாடியை என் பக்கம் நீட்டுகிறார். எனக்கு ஜலதோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பேராசிரியைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. படித்தது தாவரவியல், வேலை பார்ப்பது வரலாற்றுக்கு. பழைய ஊர்களின் கழிவுக் குழிகளைத் தோண்டி, அந்தக் காலத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது இவர் தொழில். கல்லாகக் காய்ந்து கிடப்பதை ஒருவித உப்புக் கரைசலில் சில நாள் ஊறப்போட்டால் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும். போன வாசனையும் திரும்பி வந்துவிடும். அதைச் சல்லடையில் வடிகட்டி, தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் விதை, உமி, எலும்புத் துணுக்கு, வயிற்றுப் புழுவின் முட்டை எல்லாம் தெரியும். வாசனை காரணமாகப் பல்கலைக்கழகம் இவருடைய ஆய்வுக்கூடத்தை மாற்றி மாற்றி, கடைசியில் கட்டடத்தின் பின்மூலையில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. சைக்கிள்கள் இப்போது வேறு இடத்தில் நிற்கின்றன.

மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் இவரைக் 'கக்கூஸ் மேடம்' என்கிறார்கள். அது இவருக்கும் தெரியும். "என்ன தப்பு? நான் அதைத்தானே படிக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கணவர் பல் மருத்துவர். "எங்க வீட்ல உள்ளே போற வழி அவருக்கு, வெளியே வர்ற வழி எனக்கு. சண்டையே கிடையாது." மகன் மட்டும் யார் கேட்டாலும் அம்மா டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்வானாம்.

ஒரு விருந்தில் இவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்தது. அப்படித்தான் பழக்கம். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தக்காளி விதை தப்பிச்சுடும். மிளகாய் விதையும் தப்பிச்சுடும். ரொட்டி ஒண்ணுகூட மிஞ்சாது. ஐந்நூறு வருஷம் கழிச்சு உங்களைத் தோண்டினா ரொட்டியே தின்னாத ஆள்னு எழுதுவாங்க." அன்றைக்கு நான் பழம் சாப்பிடவில்லை. ஆனால் இந்த அம்மாளைப் பற்றி எழுதியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இவரைப் பற்றிப் பேசினால் இவருடைய அண்ணனைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவர் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் வரலாற்றுப் பேராசிரியர். பழைய ஏடுகளைப் படிக்கிறவர், சட்டை கசங்காமல் வருகிறவர். அண்ணனும் தங்கையும் ஆராய்வது ஒரே கோட்டை, ஒரே ஊர், ஒரே பஞ்சம். மழை பொய்த்துப்போன அந்த வருஷத்தைப் பற்றி, கோட்டையில் எழுத்து வேலை பார்த்த ஒருவன் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான்: 'ஊரார் உண்டதையே தலைவர் வீட்டாரும் உண்டனர்.' அண்ணன் அதை நம்புகிறார். நம்பி இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார்.

தங்கைக்கு அந்த எழுத்துக்காரன் பேரைச் சொன்னாலே பற்றிக்கொண்டு வரும். "தலைவர் வீட்ல சம்பளம் வாங்கிட்டு வேற என்னத்தை எழுதுவான்? எழுதறவன் நாலு பேர் படிப்பாங்கன்னு நினைச்சு எழுதறான். கக்கூஸுக்குப் போறவன் அப்படியா நினைச்சுட்டுப் போறான்?"

ஊருக்குள் இவர் தோண்டாத குழி இல்லை. பஞ்ச வருஷத்தில் ஊரார் வயிற்றில் என்ன இருந்தது என்பதை இவர்தான் உலகத்துக்குச் சொன்னார். கோரைப்புல் விதை, இடித்த மரப்பட்டை, அங்கங்கே கொஞ்சம் மண். கோட்டைக் குப்பைமேட்டிலோ ஆட்டெலும்பு குவிந்து கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து இவர் சொன்னது, ஊர் பட்டை தின்றபோது கோட்டை கறி தின்றது என்று. "எலும்பு எந்த வருஷத்து எலும்புன்னு உனக்கு எப்படித் தெரியும் பாப்பா?" என்று அண்ணன் கேட்பார். பாப்பாவுக்குக் கோபம் வரும். ஒரு கருத்தரங்கில் இருவரும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அண்ணனுடைய காரில்தான் தங்கை வீட்டுக்குப் போனார். கார் கிளம்பும்போதும் வாக்குவாதம் ஓயவில்லை.

கோட்டைத் தலைவரின் சொந்தக் கழிவறைக் குழி மட்டும் அகப்படவே இல்லை. சென்ற மாதம் கோட்டையில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மண்வெட்டியால் அதன் மேல் இடித்தார்கள். மாடியில் தலைவர் குடும்பம் படுத்த அறையிலிருந்து நேராகக் கீழே இறங்கும் குழி. வேறு யாரும் அதைப் பயன்படுத்தியிருக்க வழியில்லை. பஞ்சம் முடிகிற சமயத்தில் ஊரும் கோட்டையும் சேர்ந்து தீப்பிடித்து எரிந்தன. அந்தச் சாம்பல் இந்தக் குழியிலும் ஒரு படலமாகக் கிடக்கிறது. சாம்பலுக்கு நேர் கீழே இருப்பது பஞ்ச வருஷத்துச் சரக்கு. பேராசிரியை தாமே குழிக்குள் இறங்கி, தம் கையாலேயே எடுத்து, ஜாடிகளில் அடைத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. "தலைவர் நல்லா ஊறிட்டார். இன்னிக்குத் திறக்கறேன், வர்றீங்களா?" குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டு எனக்கே கால் தரையில் நிற்கவில்லை.

மேசையின் ஒரு மூலையில் இவருடைய புதிய புத்தகத்தின் கடைசி அச்சுப்படி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பு. ஊரின் பட்டினியும் கோட்டையின் விருந்தும்தான் புத்தகமே. அட்டையில் விருந்து மேசைப் படம். அன்றைக்குள் பதிப்பாளருக்குச் சரி சொல்லியாக வேண்டும். "ஒரே ஒரு அடிக்குறிப்பு பாக்கி. தலைவர் வயித்துல ஆட்டுக்கறி இருந்துச்சுன்னு போட்டுட்டு அனுப்பிடுவேன். எங்க அண்ணனுக்கு முதல் பிரதி" என்றார். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். கைகள் சும்மா இருக்கவில்லை.

முதல் தட்டு ஏறியது. "வாங்க தலைவரே, வாங்க." மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வாய் ஓயாமல் பேசினார். "அட, புழு முட்டை. ரெண்டு பக்கமும் மூடி போட்ட பீப்பாய் மாதிரி இருக்கு பாருங்க, சாட்டைப்புழு. அவ்வளவு பெரிய தலைவருக்கு வயித்துல புழு." நானும் பார்த்தேன். பீப்பாய்தான். ஒரு பெரிய மனிதரின் அந்தரங்கம் இப்படி என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது எனக்கும் உற்சாகமாகவே இருந்தது. மூக்கு பழகிவிட்டிருந்தது.

"இது ஒரு கோரை விதை. வெளியிலேருந்து விழுந்திருக்கும்" என்றார் பிறகு.

இன்னும் கொஞ்ச நேரத்தில், "இன்னொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. கை மட்டும் தட்டை நகர்த்திக்கொண்டே போயிற்று. இந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் எழுந்து போய் ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஜாடியைத் திருப்பி அடியிலும் பார்த்தார். ஊர்க் குழி ஜாடிகள் வேறு அலமாரியில் பூட்டியிருந்தன. அங்கே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது ஜாடியைத் திறந்தார். வழக்கம்போல மோந்து பார்க்கவில்லை. வடிகட்டினார், தட்டில் பரப்பினார், உட்கார்ந்தார்.

நெடுநேரம் கழித்து நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பட்டை" என்றார். "கோட்டையிலயும் பட்டையைத்தான் தின்னிருக்காங்க. உமிகூட இல்லை. எலும்பு ஒரு துணுக்கு இல்லை. மாடியில பட்டு மெத்தையில படுத்துக்கிட்டு மரப்பட்டையை இடிச்சுத் தின்னிருக்காங்க. யாருக்குங்க இது தெரியும்? இப்போ உலகத்துலயே நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

எழுந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். என் தோளைப் பிடித்து உலுக்கி, "எவ்வளவு அழகா இருக்கு இல்ல?" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. இந்த அம்மாளுடைய பன்னிரண்டு வருஷம் ஒரு தட்டுச் சேற்றில் கரைந்துபோனதை இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அவரோ புதையல் எடுத்தவர் மாதிரி நிற்கிறார். பிறகு மேசை மூலையில் இருந்த அச்சுப்படி அவர் கண்ணில் பட்டது. நடை நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மேடம், அனுப்பிடலாமா?"

"நிறுத்துங்க."

"அட்டை அடிச்சாச்சே மேடம்."

"அட்டையை விடுங்க. உள்ளே பாதிப் புத்தகம் தப்பு. நான் திரும்ப எழுதணும்."

பதிப்பாளர் மெதுவாக, "ஒரு அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க முடியாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஜாடி திறந்த சமயம் அறையில் இருந்தது நாங்கள் இருவர். நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குக் கோரை விதைக்கும் கொத்தமல்லி விதைக்கும் வித்தியாசம் தெரியாது.

"முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் வருத்தம் இருந்தது. மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் கீழே இறங்கி வருவது வழக்கமாம். உள்ளே வர மாட்டார். வாசற்படியில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போட்டுவிட்டுப் போவார். அன்றும் வந்து நின்றார். "என்ன பாப்பா, ஆட்டுக்கறியா மாட்டுக்கறியா?" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"கோரை. பட்டை. ஊர்ல கிடைச்ச அதே சரக்கு. உன் எழுத்துக்காரன் பொய் சொல்லலை அண்ணா."

அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. அச்சுப்படியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஜாடி மாறியிருக்கும்" என்றார்.

"மாறலை. பார்த்துட்டேன்."

"வேலைக்காரங்க அந்தக் குழியில போயிருப்பாங்க."

"மாடிப் படுக்கையறை அண்ணா அது. நீதானே வரைபடத்தை வச்சுச் சொன்ன."

"ஒரு ஜாடியை வச்சு அவசரப்பட்டு முடிவு கட்டாதே. புத்தகம் போற நேரத்துல..."

"ரெண்டு ஜாடி."

இத்தனை வருஷம் தங்கையோடு மல்லுக்கு நின்ற மனிதர், ஜெயித்த அன்றைக்குத் தங்கை கட்சியில் நின்று வாதாடுகிறார். எனக்கு யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. பேராசிரியை அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, தம் ஸ்டூலில் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "பாரு" என்றார்.

அவர் குனிந்து பார்த்தார். முதலில் இடது கண்ணால், அப்புறம் வலது கண்ணால். "எனக்கு எல்லாம் சேறாத்தான் தெரியுது பாப்பா. விடு, நீ சொன்னா நான் நம்பறேன்."

"நம்ப வேண்டாம். பாரு."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். மேசையில் வெற்றுத்தாள் எதுவும் இல்லை. புத்தகத்தின் அச்சுப்படியை இழுத்து, முதல் பக்கத்தைக் குப்புறத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கோரை விதையைப் பெரிதாக வரைய ஆரம்பித்தார். மூன்று விளிம்பு, கூரான ஒரு முனை, கீழே சின்னக் காம்புத் தழும்பு. வரைந்து முடித்து அண்ணன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். "இந்த மாதிரி இருக்கும். நிதானமாத் தேடு" என்று சொல்லிவிட்டு, அண்ணனுடைய தோளுக்கு மேலாகக் குனிந்து, அவர் கண்ணுக்குத் தெளிகிற வரைக்கும் மைக்ராஸ்கோப்பின் திருகை நூலிழை நூலிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.