எங்கள் ஸ்டாப்பர் மேல் முனியாண்டி இறங்கிய ஆட்டம்

எங்கள் கால்பந்து அணியில் பின்வரிசை நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் மேல் முனியாண்டி இறங்கிவிட்டார் என்று நம்பியவர்களில் முதல் ஆள் நான். முதலில் காலில் விழுந்தவனும் நானே. விழுவதற்கு எனக்கென்று சொந்தக் காரணம் ஒன்று இருந்தது.

எழுபதுகளின் கடைசி. பாடாங் மேஹா பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட் திடலில் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே முனியாண்டி கோயில். வாசலில் எலுமிச்சம்பழத்தைப் பூட்ஸால் நசுக்கிவிட்டுத்தான் ஆட இறங்குவோம்.

அன்று பக்கத்து ஊரான குருணிலிருந்து வந்த அணி பந்தை உதைத்ததைவிட எங்களை உதைத்ததே அதிகம். பத்தாவது நிமிடத்தில் எங்கள் ரைட் விங்கின் உதடு கிழிந்து பல் வெளியே தெரிந்தது. நாங்களும் சாதுக்கள் இல்லை. எங்கள் முழங்கை உடைத்த ஒரு மூக்கின் ரத்தம் என் ஜெர்சியில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் கோல்கீப்பர். கார்னர் பந்து உயரே வந்தது. அதைப் பிடிப்பதை விட்டுவிட்டு, எதிராளியின் விலாவில் இறக்குவதற்காக முழங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். அவன் விலகிவிட்டான். முழங்கால் எங்கள் ஸ்டாப்பரின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. தேங்காய் உடைத்த மாதிரி சத்தம்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர், பால்மரம் வெட்டுகிறவர்; ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. எழுந்து நின்று முன்னும் பின்னும் ஆடினார். கோயிலையே வெறித்தார். “மணி அடிச்சுட்டாங்களா?” என்றார். ஆட்டம் முடிகிற மணி இன்னும் அடிக்கவில்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டார்.

இந்த இடத்தில்தான் என் பயம் சுறுசுறுப்பானது. அடிபட்டிருந்தால் அடித்தவன் நான். சாமி என்றால் அடித்தவன் யாருமில்லை. தொப்பென்று அவர் காலில் விழுந்தேன். “அண்ணனுக்கு சாமி வந்துருச்சு லா.” சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

அணியை நடத்திய மண்டோர், எங்கள் எஸ்டேட் கங்காணி, விபூதியோடு ஓடி வந்தார்.

“சாமி, நாம ஜெயிப்போமா?”

“மணி அடிச்சுட்டாங்களா?”

“மணி அடிக்கிறதுக்குள்ள கோல் விழுமாம்,” என்று மண்டோர் கூட்டத்துக்கு அறிவித்தார்.

எஸ்டேட் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கத்தோலிக்கர். ஸ்டாப்பரின் இமையைத் தூக்கிப் பார்த்தார். “இது சாமி இல்ல, மண்டையில அடி. ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. இன்னொரு தரம் தலையால முட்டினா ஆளு தங்க மாட்டான்.”

“ஐயா, நீங்க வேதக்காரரு. எங்க முனியாண்டிய உங்களுக்கு எப்படி அடையாளம் தெரியும்?”

இதைச் சொன்னது மண்டோர் என்று எழுத ஆசைதான். சொன்னவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். டிரஸ்ஸர் சிரிக்காமல் என் முழங்காலைப் பார்த்தார். அதில் ரத்தத்தோடு ரெண்டு மூன்று முடி ஒட்டியிருந்தது.

“தம்பி, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“வெயிலு, ஐயா.”

துடைத்துக்கொண்டேன். ஸ்டாப்பரை மறுபடி இறக்கினோம். குருண்காரர்களும் தமிழர்கள்தாம்; சாமி வந்த ஆளை இடிக்கப் பயந்து ஒதுங்கி ஓடினார்கள். கால் மணி நேரம் அவரை ஒருவரும் தொடவில்லை. பிறகு ஒரு பந்து மேலே வந்தது. பழக்க தோஷம், தலையால் முட்டினார்.

நின்ற இடத்திலேயே மடங்கினார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கடிபட்ட நாக்கிலிருந்து வழிந்த ரத்தம் வாந்தியோடு கலந்து என் பூட்ஸ் வரை வந்தது. “எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம்,” என்று மண்டோர் கத்தினார். சாமி மலையேறுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் பூட்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். டிரஸ்ஸர் அவரைப் ரப்பர் பால் ஏற்றும் லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

பினாங்கில் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது, வலது கை விளங்கவில்லை. அவர் பங்கு மரவரிசையான நிரையையும் சேர்த்து அவர் மனைவியே வெட்டினார்.

அவருக்கு அந்த ஆட்டம் நினைவில்லை. எண்பதுகளிலும் என்னைக் கண்டால் கொஞ்சம் பெருமையோடு கேட்பார்: “அன்னைக்கு எனக்கு சாமி வந்துச்சாமே, தம்பி?” பல வருஷம் தலையாட்டினேன். ஒருநாள் அவர் இடது கையால் கோப்பித் தம்ளரைத் தூக்கத் திணறும்போது சொன்னேன்.

“சாமி வரல அண்ணே. நான்தான் முழங்காலால இடிச்சேன்.”