மழைக்கு முன் திராட்சை

லண்டனில் என்னோடு ஷிப்ட் பார்க்கும் மெஹ்மெட்டின் ஊர் இது. துருக்கியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிற்றூர். அவனோடு நானும் மனைவியும் வந்து மூன்று நாளாகிறது. அவனுடைய அம்மா எங்களை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை.

மத்தியானம் வானம் திடீரென இருட்டுகிறது. களத்தில் ஒரு வருட விளைச்சல் காய்கிறது. நனைந்தால் அழுகிவிடும். எல்லோரும் ஓடுகிறோம்.

“இஞ்சாருங்கோ, படங்கின்ரை அந்தப் பக்கத்தை இழுங்கோ!” என்று மனைவி கத்துகிறாள். தார்ப்பாயை இழுத்து மூடுகிறேன். காற்று அதைப் பறிக்கிறது. அம்மா என்னைப் பார்த்து துருக்கி மொழியில் ஏதோ அதட்டுகிறார்.

மழை கொட்டுகிறது. திராட்சை தப்பிவிட்டது. அம்மா என்ன சொன்னார் என்று மெஹ்மெட்டைக் கேட்கிறேன்.

“‘கழுதை, ஓரத்தில் கல்லை வை’ என்றார். என்னையும் அப்படித்தான் திட்டுவார்,” என்று நெளிகிறான்.

மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அப்ப நாங்களும் வீட்டு ஆக்கள்தான்!”